அம்மாவுக்கு வகுப்பெடுத்தால் தீருமா?

2023 நவம்பர் 20. கோச்சிங் சென்டர்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கேட்ட மனு ஒன்று உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வின் முன் வந்தது. ராஜஸ்தானின் கோட்டாவில் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கப் போன பிள்ளைகள் அடுத்தடுத்து உயிரை மாய்த்துக்கொண்ட ஆண்டு அது. மனுவை ஏற்க மறுத்த அமர்வு, சிக்கல் கோச்சிங் சென்டர்களிடம் இல்லை, பெற்றோரிடம் இருக்கிறது என்றது. பிள்ளையால் எட்ட முடியாததை எல்லாம் பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள் என்றது. போட்டி கடுமை, பள்ளிகளின் நிலை மோசம் என்றும் சேர்த்தே சொன்னது. ஆனால் ஊர் பிடித்துக்கொண்டது முதல் பாதியைத்தான்.

அதற்கு ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு முன்னால், 2016 ஜனவரியில், வறுமையைப் பற்றி லண்டனில் பேசிய அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன், பிள்ளை வளர்ப்பு வகுப்புகளுக்குப் போவது எல்லாப் பெற்றோருக்கும் இயல்பான காரியமாக வேண்டும் என்றார். பேச்சின் தலைப்பு வறுமை, மருந்து வகுப்பு. டெல்லியும் லண்டனும் ஒரே இடத்தில்தான் வந்து நின்றன: பிள்ளையின் மனம் வாடினால் முதலில் பெற்றவரைப் பார், அவரைத் திருத்தினால் பிள்ளை தேறும்.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று பழமொழி வைத்திருக்கும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது. பள்ளிக்கூடங்களில் 'பேரன்டிங் ஒர்க்‌ஷாப்', யூடியூபில் குழந்தை வளர்ப்பு நிபுணர்கள், ஆண்டுதோறும் 'பரீக்‌ஷா பே சர்ச்சா' மேடையில் பெற்றோருக்கு நம் பிரதமரின் அறிவுரை என்று அந்த எண்ணத்துக்கு இன்று புதுச் சட்டை போட்டாயிற்று. அந்த எண்ணம் தவறு. முழுத் தவறு அல்ல என்பதால்தான் அதை மறுப்பது கடினமாகிறது.

முதலில் அதற்குரிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் முரட்டுப் பிள்ளைகளின் வீடுகளுக்கே போய்க் கவனித்தார்கள். அவர்கள் கண்டது கடைத்தெருவில் எவரும் காணக்கூடிய காட்சி. பிள்ளை மிட்டாய் கேட்கிறது, அம்மா மறுக்கிறார், பிள்ளை தரையில் விழுந்து புரள்கிறது, நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், அம்மா வாங்கிக் கொடுத்துவிடுகிறார். புரண்டால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொண்டது. கொடுத்தால் அடங்கும் என்று அம்மா கற்றுக்கொண்டார். ஒருவரை ஒருவர் பழக்கிக்கொண்டே போய், கடைசியில் வீடு கத்தலிலும் அடியிலும் நிற்கிறது. இந்தச் சங்கிலியை அறுக்கத்தான் வகுப்பு. சியாட்டிலில் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் உருவாக்கிய 'இன்க்ரெடிபிள் இயர்ஸ்', ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் மாத்யூ சாண்டர்ஸ் உருவாக்கிய 'டிரிபிள் பி' இரண்டும் இந்த வழி வந்தவை. நல்லது செய்தால் இன்னது நன்றாக இருந்தது என்று குறிப்பிட்டுப் பாராட்டு; சின்னச் சேட்டையைக் கண்டுகொள்ளாதே; கட்டளையைச் சுருக்கமாக, ஒரு முறை சொல்; அடிக்காதே. பாடம் இவ்வளவுதான், ஆனால் நடித்துப் பார்த்து, வீடியோ பார்த்து, வாரக்கணக்கில் பழக வேண்டும்.

பலன் உண்டா என்றால் உண்டு. பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 3 முதல் 11 வயது வரை நடத்தைக் கோளாறுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு 10 முதல் 16 அமர்வுகள் கொண்ட குழுப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் 2023-இல், பிள்ளைகள் மீதான வன்முறையைத் தடுக்கப் பெற்றோர் பயிற்சி வேண்டும் என்று வழிகாட்டியது. செலவுக் கணக்கும் அவர்கள் பக்கமே பேசுகிறது. லண்டனில் பத்து வயதில் நடத்தைக் கோளாறு இருந்தவர்களை 28 வயது வரை தொடர்ந்த ஆய்வு ஒன்று 2001-இல் வந்தது. அவர்களில் ஒருவருக்குப் பொதுப் பணம் சராசரியாக 70,019 பவுண்டு செலவாயிருந்தது. சிக்கல் இல்லாதவருக்கு 7,423. சில நூறு பவுண்டில் நடக்கும் ஒரு வகுப்பு இதில் கொஞ்சம் மிச்சப்படுத்தினாலும் லாபம்தானே?

ஆக, வாதம் இப்படிப் போகிறது: வகுப்பு மலிவு, அடி குறையும், பிள்ளைகளின் மனநலம் பெருகும், எனவே ஊர் முழுக்க நடத்து. மலிவு என்பது உண்மை. அடி குறையும் என்பதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. அடுத்த படியில்தான் கால் வழுக்குகிறது.

1. மதிப்பெண் போட்டது யார்?

டிரிபிள் பி பற்றிய ஆய்வுகளை பிலிப் வில்சனும் சகாக்களும் 2012-இல் 'பிஎம்சி மெடிசின்' இதழில் சல்லடை போட்டுச் சலித்தார்கள். தேறிய ஆய்வுகள் 33. அவற்றில் 32 ஆய்வுகளில் எழுத்தாளர் வரிசையில் டிரிபிள் பி-யோடு தொடர்புடையவர்கள் இருந்தார்கள். தமக்கு இதில் நலன் உண்டா இல்லையா என்ற குறிப்பு இரண்டே கட்டுரைகளில்தான் இருந்தது. ஒரு சோதனைகூட முன்கூட்டிப் பதிவு செய்யப்படவில்லை. 31 ஆய்வுகள், வகுப்புக்குப் போனவர்களை ஒன்றுமே பெறாதவர்களோடோ காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களோடோதான் ஒப்பிட்டன. வேறு ஏதேனும் உதவி பெற்ற குடும்பங்களோடு ஒப்பிட்ட ஆய்வுகள் இரண்டு. இரண்டிலும் வித்தியாசம் இல்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிள்ளை மாறிவிட்டது என்று பெரும்பாலான ஆய்வுகளில் சொன்னவர் அம்மா. பத்து வாரம் வகுப்புக்குப் போய், வீட்டுப்பாடம் எழுதி, பயிற்றுநரோடு பழகிய அம்மா. அவரிடமே படிவத்தைக் கொடுத்து, பிள்ளை இப்போது எப்படி என்று கேட்டால் என்ன வரும்? அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல. பிள்ளையைப் பார்க்கும் அவருடைய கண் மாறியிருக்கலாம், அதுவும் நல்லதே. ஆனால் கண் மாறியதைப் பிள்ளை மாறியதாகக் கணக்கெழுதக் கூடாது. அதே வீட்டு அப்பாக்களின் படிவங்களைக் கூட்டியபோது, தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவு முன்னேற்றமே தெரிந்தது.

வீட்டுக்கு வெளியே நின்று அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு கிளாஸ்கோ விடை. ஸ்காட்லாந்தின் அந்தப் பெருநகரம் 2010 முதல் டிரிபிள் பி-யை ஊர் முழுக்கக் கொண்டுபோனது. பள்ளிக்குப் போகுமுன் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று பாலர் பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுதோறும் நிரப்பிய படிவங்கள் கையில் இருந்தன. அவற்றை வைத்து 2017-இல் வெளிவந்த ஆய்வு, ஊரளவில் மனநலத்தில் எந்தத் தாக்கமும் தென்படவில்லை என்ற முடிவைத் தன் தலைப்பிலேயே போட்டது. பர்மிங்காம் நகரைப் பற்றியும் 2012-இல் ஒரு கணக்கு வெளிவந்தது. அங்கே இன்க்ரெடிபிள் இயர்ஸ் பலன் தந்தது; டிரிபிள் பி தரவில்லை. சூரிச் நகரில் 56 பள்ளிகளில் முதல் வகுப்புச் சேர்ந்த பிள்ளைகளைத் தொடர்ந்த ஆய்விலும் டிரிபிள் பி பிள்ளைகளின் நடத்தையை அசைக்கவில்லை.

வகுப்பை ஆதரிப்பவர்கள் இங்கே தெற்குக் கரோலைனாவை எடுத்துக் காட்டுவார்கள். அங்கே 18 மாவட்டங்களைக் குலுக்கிப் பிரித்து நடத்திய சோதனையில் குழந்தை வதை வழக்குகள் மற்ற மாவட்டங்களைவிடக் குறைவாக இருந்ததாக 2009-இல் எழுதினார்கள். எடுத்துக் காட்டட்டும். அங்கே எண்ணப்பட்டவை வதை வழக்குகள், வீட்டைவிட்டு அகற்றப்பட்ட பிள்ளைகள், காயங்கள். பிள்ளைகளின் மனச்சோர்வை அந்தச் சோதனை எண்ணவே இல்லை.

2. அடங்கிய பிள்ளை எல்லாம் நலமான பிள்ளையா?

இந்த வகுப்புகள் உதைக்கிற பிள்ளைக்காகத் தைத்த சட்டை. மூலையில் உட்கார்ந்து பேசாமல் இருக்கும் பிள்ளைக்கும் அதையே மாட்டிவிடுகிறார்கள். 'மனநலம்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டு மூடியதால் வந்த வினை. தமிழ் வீடுகளில் கேட்கவே வேண்டாம்: சத்தம் போடாத பிள்ளைக்கு 'தங்கமான பிள்ளை' என்று பெயர். அந்தத் தங்கம் இரவில் தூங்குகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆக்ஸ்ஃபோர்டின் ஃபிரான்சஸ் கார்ட்னரும் பேட்டி லெய்டனும் மற்றவர்களும், ஐரோப்பாவில் இன்க்ரெடிபிள் இயர்ஸ் பற்றி நடந்த பத்துக்கு மேற்பட்ட சோதனைகளின் தரவை, குடும்பம் குடும்பமாக ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். இந்தத் துறையில் இதைவிடக் கவனமான வேலை அரிது. முரட்டுத்தனம் குறைந்தது, துறுதுறுப்பும் கவனச் சிதறலும் ஓரளவு குறைந்தன. பிள்ளைகளின் சோர்வும் பயமும் மொத்தத்தில் அப்படியே இருந்தன. ஏழைக் குடும்பம், பணக்காரக் குடும்பம் என்று பலனில் வித்தியாசம் இல்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். வகுப்பு ஏழைகளுக்கு எடுபடாது என்று இளக்காரமாகப் பேசுவோருக்கு அது சரியான பதில்.

சோர்வும் பயமும் ஏன் அசையவில்லை? மெக்லியாட், வெய்ஸ், வுட் என்ற மூவர் 2007-இல் செய்த தொகுப்பாய்வுகளில் ஒரு விளக்கம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் இடையே மனச்சோர்வில் தெரியும் ஏற்றத்தாழ்வில் பெற்றோர் வளர்ப்பு முறையோடு தொடர்புடையது சுமார் எட்டு விழுக்காடு. பதற்றத்தில் சுமார் நான்கு. இந்த எட்டும் நாலும்கூட முழுக்கப் பெற்றோர் கணக்கில் சேராது. எப்போதும் முகம் வாடிய பிள்ளையிடம் பெற்றோரே மெல்ல மெல்லச் சிடுசிடுப்பாக மாறுவதும் உண்டு. புள்ளிவிவரத்தில் அது பெற்றோர் குறையாகவே தெரியும். ஐம்பது ஆண்டு இரட்டையர் ஆய்வுகளை 2015-இல் கூட்டிப் பார்த்தவர்கள், மனிதக் குணங்களின் ஏற்றத்தாழ்வில் ஏறக்குறைய பாதி மரபணு வழி வந்தது என்றார்கள். மீதியில் பள்ளி, நண்பர், நோய், தெரு, அதிர்ஷ்டம் எல்லாம் பங்குக்கு வருகின்றன.

வளர்ந்த பிள்ளைகள் விஷயத்தில் முரட்டுத்தனம் குறையும் என்ற வாக்குறுதியும் ஆட்டம் காண்கிறது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் 552 குடும்பங்களோடு பெற்றோர் பயிற்சி பற்றி ஒரு நேர்மையான சோதனை நடந்தது. 2018-இல் முடிவு வந்தது. அடி குறைந்தது, மதுவும் போதைப் பழக்கமும் குறைந்தன, வளர்ப்பவர்களின் மனச்சுமையும் குறைந்தது. வளரிளம் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கல்கள் குறையவில்லை. இதைத் தோல்வி என்று யாரும் சொல்லத் தேவையில்லை. ஒரு பிள்ளை அடி வாங்காமல் இருப்பதே போதுமான பலன். அந்தப் பலனை அதன் பெயரிலேயே விற்காமல் மனநலம் என்று லேபிள் ஒட்டுவது எதற்கு?

3. பெற்றோர் கெட்டுப்போய்விட்டார்களா?

இங்கிலாந்தில் 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் மனநலக் கோளாறு இருக்கக்கூடியவர்கள் 2017-இல் 12.5 விழுக்காடு. 2023-இல் 20.3. கொரோனாவின் ஊரடங்கு நடுவில் வந்தது என்றாலும், பெற்றோரின் திறமை ஆறே ஆண்டில் இவ்வளவு தேய்ந்துவிட்டது என்று நம்ப எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நீண்ட காலக் கணக்கு இன்னும் சங்கடமானது. பதினொரு மேற்கத்திய நாடுகளில் நேரப் பயன்பாட்டுக் குறிப்பேடுகளை ஒப்பிட்டு 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. 1965-இல் ஒரு தாய் பிள்ளைக்காக மட்டும் செலவிட்ட நேரம் நாளுக்கு 54 நிமிடம். 2012-இல் 104 நிமிடம். தந்தை 16 நிமிடத்திலிருந்து 59 நிமிடத்துக்கு ஏறினார். (பிரெஞ்சு அம்மாக்கள் மட்டும் இந்தப் பந்தயத்தில் ஓட மறுத்தார்கள்.) பாட்டிமார் கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் கொடுத்து, அலமாரி நிறைய வளர்ப்பு நூல் வாங்கி வைத்த தலைமுறையின் பிள்ளைகள்தான் இன்று மருத்துவரின் வாசலில் நிற்கிறார்கள். வளர்ப்பில் கவனக் குறைவுதான் நோய் என்றால் இந்த வரைபடம் தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

கூடுதல் பாடத்துக்கு ஒரு விலையும் உண்டு. அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரல் விவேக் மூர்த்தி 2024 ஆகஸ்டில் பெற்றோரின் மன அழுத்தம் பற்றியே தனி எச்சரிக்கை விடுத்தார். பெரும்பாலான நாட்களில் தாங்க முடியாத அழுத்தத்தில் இருப்பதாகச் சொன்ன பெற்றோர் 48 விழுக்காடு. மற்றப் பெரியவர்களில் 26. நூறில் இந்த 48 பேரிடம் போய், 'நீங்கள் இன்னும் சரியாகச் செய்யவில்லை' என்று ஒரு கையேட்டை நீட்டுவதற்குத்தான் திட்டம் என்று பெயர்.

4. வந்தவர் யார்?

கேமரன் அரசு 2012-இல் 'கேன்பேரன்ட்' என்று ஒரு சோதனை நடத்தியது. கேம்டன், மிடில்ஸ்பரோ, ஹை பீக் ஆகிய இடங்களில் சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்கு 100 பவுண்டு வகுப்பு வவுச்சர். 'பூட்ஸ்' மருந்துக் கடையில்கூடக் கிடைத்தது. எதிர்பார்த்த கூட்டத்தில் சிறு பகுதிதான் வந்தது. இலவசமாகக் கொடுத்தும் வாங்க ஆள் இல்லாத சரக்கை நான்கு ஆண்டு கழித்து அதே பிரதமர் தேசத்துக்கே பரிந்துரைத்தார் என்பதைத்தான் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் கண்டோம்.

வந்தவர்களும் பெரும்பாலும் அம்மாக்கள். 'பெற்றோர்' என்ற சொல்லில் அப்பாவும் அடக்கம் என்பது இலக்கணப் புத்தகத்தோடு சரி. நம் பள்ளிகளின் பெற்றோர் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். வீட்டுக்கு இளைத்தவர் தலையில் பாடமும் பழியும் சேர்ந்து விழுகின்றன.

5. பாடம் இல்லாமலே வளர்ப்பு மாறிய இடம்

வடக்குக் கரோலைனாவின் மேற்கு மலைப்பகுதியில் ஜேன் காஸ்டெல்லோவின் குழு 1993 முதல் 1,420 பிள்ளைகளை ஆண்டுதோறும் பரிசோதித்து வந்தது. அவர்களில் நாலில் ஒருவர் செரோக்கி பழங்குடிப் பிள்ளைகள். ஆய்வு பாதி வழியில் இருக்கும்போது பழங்குடி நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறந்தது. அதன் லாபத்தில் ஒரு பங்கு, பழங்குடியின் ஒவ்வொருவருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்ச் சேர்ந்தது. நிபந்தனை இல்லை, வகுப்பு இல்லை, படிவம் நிரப்பி நல்ல அம்மா என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை.

சூதாட்டப் பணத்தில் நடந்த இந்தத் தற்செயல் சோதனையை எந்த நெறிமுறைக் குழுவும் திட்டமிட்டு அனுமதித்திருக்காது. ஆனால் நடந்துவிட்டது, அளக்க ஆள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள். பணம் வரும் முன், ஏழைப் பிள்ளைகளிடம் மனநலச் சிக்கல்களின் அறிகுறி மற்றவர்களைவிட அதிகம். பணம் வந்தபின், வறுமைக் கோட்டைத் தாண்டிய குடும்பங்களின் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் எதிர்ப்புக் குணமும் குறைந்து, எப்போதுமே ஏழையாக இல்லாத பிள்ளைகளின் அளவுக்கு வந்தன. வறுமையிலேயே நின்றுவிட்ட குடும்பங்களில் அறிகுறிகள் அப்படியே இருந்தன. 2003-இல் 'ஜாமா' இதழில் வெளியான முடிவு இது.

வகுப்புக்காரர்கள் சாதிக்கிற அதே காரியத்தை, அதே முரட்டுத்தனக் குறைவை, பணம் சாதித்திருக்கிறது. நேர்மைக்காக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: அந்த ஆய்வில் பதற்றமும் மனச்சோர்வும் பணத்தாலும் குறையவில்லை. பணம் சர்வரோக நிவாரணி என்று இன்னொரு மூடநம்பிக்கையைக் கட்ட இதைப் பயன்படுத்த முடியாது.

இதில் கூர்ந்து பார்க்க வேண்டியது எது வழியாகப் பலன் வந்தது என்பது. பிள்ளை எங்கே இருக்கிறது, யாரோடு இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளப் பெற்றோருக்கு நேரம் கிடைத்தது. முன்னேற்றத்தில் பெரும்பங்கு அந்தக் கண்காணிப்பின் வழியாகவே வந்தது. வளர்ப்பு மேம்பட்டது உண்மை. கற்றுக்கொடுத்து மேம்படவில்லை. பிள்ளையைக் கவனிக்க வேண்டும் என்பது அந்த அம்மாக்களுக்கு முன்பே தெரியும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். சட்டி நிறைந்ததும் வந்தது.

அம்மாவுக்கே மருந்து கொடுத்துப் பார்த்த கதையும் உண்டு. மைர்னா வைஸ்மன் குழு அமெரிக்காவில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 151 தாய்மாரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் பின்தொடர்ந்தது. மூன்றே மாதத்தில், நோய் நீங்கிய தாய்மாரின் பிள்ளைகளில் மனநலக் கோளாறு உள்ளவர்களின் பங்கு 11 புள்ளி குறைந்தது; நீங்காத தாய்மாரின் பிள்ளைகளில் 8 புள்ளி கூடியது. அந்தத் தாய்மாருக்குக் கொடுக்கப்பட்டது மாத்திரை. வளர்ப்புப் பாடம் அல்ல.

'சரி, வகுப்பும் இருக்கட்டும், பணமும் இருக்கட்டும், ஒன்றோடொன்று ஏன் மோதவிடுகிறீர்கள்?' என்று ஒரு சமாதானக் குரல் எழும். மோதவிடுவது கட்டுரையாளர் அல்ல, பட்ஜெட். இங்கிலாந்தில் 1999-இல் தொடங்கிய 'ஷ்யூர் ஸ்டார்ட்' மையங்கள் மருத்துவம், குழந்தைக் காப்பகம், வேலை தேட உதவி, வளர்ப்பு ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே கூரையில் வைத்தன. நிதி ஆய்வு நிறுவனமான ஐஎஃப்எஸ்ஸின் கணக்குப்படி, 2010-ஐ ஒட்டி உச்சத்தில் இருந்த அந்தச் செலவு 2018-க்குள் மூன்றில் இரண்டு பங்கு வெட்டப்பட்டது. வவுச்சரும் வகுப்புப் பேச்சும் வந்தது சரியாக அந்த வெட்டுக் காலத்தில். அதே நிறுவனம் 2024-இல் சொன்னது: மையத்துக்கு அருகில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள் பதினாறு வயதுப் பொதுத் தேர்வில் கூட்டு மதிப்பில் மூன்று கிரேடு கூடுதலாக எடுத்தார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்தார்கள் என்பது அப்போதுதான் காகிதத்தில் ஏறியது.

6. பழி சுமத்துவது ஒரு சிகிச்சையா?

நிபுணர்கள் பெற்றவரைத் திருத்த வந்த வரலாறு பெருமைக்குரியதல்ல. 1928-இல் அமெரிக்க உளவியலாளர் ஜான் வாட்சன், பிள்ளையைக் கட்டி அணைக்காதே, மடியில் வைக்காதே, காலையில் கைகுலுக்கினால் போதும் என்று தாய்மாருக்குப் புத்தகம் எழுதினார். அன்று அதுதான் அறிவியல். இருபது ஆண்டு கழித்துக் காற்று திசை மாறியது. பாசம் போதவில்லை என்பது குற்றமாயிற்று. 1948-இல் ஃபிரீடா ஃபிராம்-ரைக்மன், மனச்சிதைவு நோயை உண்டாக்கும் தாய் என்றே ஒரு வகையைக் கண்டுபிடித்தார். சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூலில் ஆட்டிசத்துக்குக் காரணம் தாயின் குளிர்ந்த மனம் என்று சாதித்தார். 'ஃபிரிட்ஜ் தாய்' என்ற பட்டத்தோடு ஒரு தலைமுறைப் பெண்கள் தலைகுனிந்து நடந்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட், இது மூளை சார்ந்தது என்று 1964-இலேயே எழுதியிருந்தும் பட்டம் உடனே இறங்கவில்லை.

இன்றைய வகுப்பு நடத்துபவர்கள் பெட்டல்ஹைம் அல்ல. அவர்கள் அன்பாகப் பேசுகிறார்கள், டீ கொடுக்கிறார்கள், யாரையும் குற்றம் சொல்வதில்லை என்று உறுதி கூறுகிறார்கள். ஆனால் பிள்ளைக்கு மனச்சோர்வு என்று வரும் அம்மாவை மருத்துவரிடம் அனுப்பும் முன் வகுப்புக்கு அனுப்பும் அமைப்பு, வாயால் சொல்லாமலே குற்றம் சொல்லிவிடுகிறது. ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத இந்தியாவில் இந்த மாற்றுப் பாதை எவ்வளவு வசதியாகிவிடும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயதினரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. அவர்களுக்கு வேண்டிய மருத்துவரை உருவாக்கப் பத்து ஆண்டு ஆகும். ஒர்க்‌ஷாப் நடத்த ஒரு சனிக்கிழமை போதும்.

7. கோட்டாவுக்குத் திரும்பினால்

நீட் தேர்வுக்கு 2024-இல் பதிவு செய்தவர்கள் 24 லட்சம் பேர். எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். நடுத்தரக் குடும்பம் கட்டணம் கட்டக்கூடிய அரசுக் கல்லூரி இடங்கள் அதில் ஏறக்குறைய பாதி. நாட்டின் எல்லாப் பெற்றோரும் உலகின் தலைசிறந்த வகுப்புக்குப் போய், பிள்ளையை ஒப்பிடாமல், திட்டாமல், பாராட்டி, அணைத்து வளர்த்தாலும் தேர்வு முடிவு வரும் நாளில் இருபது லட்சத்துக்கு மேல் பிள்ளைகள் இடம் இல்லாமல் நிற்பார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-இல் மட்டும் 13,044 மாணவர் தற்கொலைகளைப் பதிவு செய்தது. அத்தனைக்கும் காரணம் தேர்வு அல்ல. அத்தனைக்கும் காரணம் பெற்றோர் என்பது அதைவிட அபத்தம். 'அப்பாவின் பேராசை' என்று நாம் அழைப்பதில் பாதி, நல்ல வேலை சிலருக்கே கிடைக்கும் ஒரு நாட்டில் ஒருவர் போட்டுப் பார்க்கும் கணக்கு.

அப்படியானால் வகுப்புகளை மூடிவிடலாமா? வேண்டாம். நாலு வயதுப் பிள்ளை வீட்டைத் தலைகீழாக்குகிறது, அம்மாவின் கை ஓங்கியபடியே இருக்கிறது என்றால் இன்க்ரெடிபிள் இயர்ஸ் போன்ற ஒன்று அந்த வீட்டுக்குக் கட்டாயம் கிடைக்க வேண்டும். அதுவும் வேலை முடிந்து வரும் நேரத்தில், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து, சொந்த மொழியில். அதன் பலனை வகுப்பை விற்காத ஒருவர், அம்மாவின் படிவத்தோடு ஆசிரியரின் படிவத்தையும் வைத்து, ஓராண்டு கழித்து அளக்க வேண்டும். இவ்வளவு செய்யத் தயாராக இல்லாத அரசு அதற்கு மனநலத் திட்டம் என்று பெயர் வைக்கக் கூடாது.

சிக்கல் பெற்றோரிடம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டே மாதத்தில், 2024 ஜனவரியில், மத்தியக் கல்வி அமைச்சகம் கோச்சிங் சென்டர்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. 16 வயதுக்குக் கீழ் சேர்க்கக் கூடாது. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வகுப்பு கூடாது. ரேங்க் உறுதி என்று விளம்பரம் செய்யக் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய், அடுத்த முறை ஒரு லட்சம் அபராதம். சேர்ந்தாலே சீட் கிடைத்துவிடாது என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லும்படியும் அதில் ஒரு வரி உண்டு. அபராதம் மட்டும் சென்டருக்கு. சிக்கல் பெற்றோரிடம்தான் என்றால் அமைச்சகம் ஏன் கதவைச் சாத்தும்படி கடைக்காரரிடம் சொன்னது? அமல்படுத்தும் பொறுப்பு மாநிலங்களுடையது. பதினைந்து வயதுப் பிள்ளையைச் சேர்த்ததற்காக இதுவரை எத்தனை சென்டர்கள் அந்த 25,000 ரூபாயைக் கட்டியிருக்கின்றன என்று, அடுத்த மனு வரும்போது எந்த அமர்வாவது கேட்கட்டும்.